மலைநாட்டைப் பற்றிய பழைய பயண நூல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். இலங்கையின் மலைநாட்டைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதிவைத்த பழைய பயண நூல்களை அங்கே வாசிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. உயர்தரப் பரீட்சையின் வரலாற்றுப் பாடத்துக்குக் கட்டுரை எழுதும் பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்லதண்ணியிலும் எல்லவிலும் பயணிகளுக்கு வழி காட்டும் இளைஞர்கள் கேட்கிறார்கள். சும்மா கேட்டுவைப்போமே என்று கேட்பவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதை மறுபடி விளக்கவில்லை. அதனால் மேலிருந்து கீழாக வாசிப்பது நல்லது.

பயண நூல் என்றால் என்ன சேர்? சுற்றுலாக் கையேடும் அதுவும் ஒன்றுதானே?

இல்லை. கையேடு நீங்கள் எங்கே போகலாம் என்று சொல்லும். பயண நூல் எழுதியவர் எங்கே போனார், அங்கே அவருக்கு என்ன நடந்தது என்று சொல்லும். மழை பெய்தது, சோறு வேகவில்லை, அரசன் பேட்டி கொடுக்கவில்லை என்பதெல்லாம் கையேட்டில் வராது. பயண நூலில் அதுதான் சாரம்.

இன்னொன்று. மலைநாட்டைப் பற்றி எழுதியவர்களில் பலர் ஊர் பார்க்க வந்தவர்களே இல்லை. ஒருவர் கைதி, ஒருவர் பட்டாளத்து வைத்தியர், ஒருவர் யானை வேட்டைக்காரர், ஒருவர் அரசாங்கத்தின் பெரிய அதிகாரி. யார் எந்த வேலையாக வந்தார் என்று தெரிந்துகொண்டு வாசித்தால் பாதிச் சந்தேகம் தானாகத் தீர்ந்துவிடும்.

முதலில் எதை வாசிப்பது? பத்துப் பெயர் சொல்லாமல் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

ராபர்ட் நாக்ஸ். 1681இல் லண்டனில் அச்சான புத்தகம். 'ஆன்' என்ற கப்பலில் தகப்பனோடு வந்தவர் இவர். தகப்பன் பெயரும் ராபர்ட் நாக்ஸ்தான், கப்பல் தலைவர். புயலில் அடிபட்ட கப்பலைப் பழுது பார்க்க, இன்றைய மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவில் ஒதுங்கினார்கள். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் நயமாகப் பேசிப் பிடித்துக்கொண்டார்கள். அது 1660. மலைக்குக் கொண்டுபோய்க் கிராமம் கிராமமாகப் பிரித்துவிட்டார்கள். சிறைக்கூடமும் இல்லை, விலங்கும் இல்லை. ஊர்ச்சனம் சோறு போடவேண்டும், அவ்வளவுதான். அடுத்த வருடமே தகப்பன் காய்ச்சலில் இறந்துபோனார். இருபது வயதைத் தொட்டும் தொடாமலும் இருந்த மகன் அதற்குப் பிறகும் 1679 வரை இங்கேதான் இருந்தார்.

அவர் பிழைத்த விதத்தைப் பாருங்கள். தொப்பி பின்னி விற்கிறார். நெல்லைக் கடனுக்கு விட்டு ஒன்றுக்கு ஒன்றரையாகத் திருப்பி வாங்குகிறார். உடுநுவரப் பக்கம் எலதெத்தவில் காணி வாங்கி வீடு கட்டுகிறார். போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பு கைமாறியபோது ஒரு கிழவருக்கு ஆங்கில பைபிள் ஒன்று கிடைத்திருந்தது. நாக்ஸ் அதைப் பார்த்துவிட்டுப் படாத பாடு படுகிறார். கடைசியில் ஒரு பின்னல் தொப்பிக்கு அது கைமாறுகிறது.

இருபது வருடம் ஓர் ஊரில் கிடந்தவன் கண்ணும் இரண்டு வாரம் சுற்றியவன் கண்ணும் ஒன்றல்ல. ஏர் உழுவது, மாடு கட்டிச் சூடு மிதிப்பது, புருஷன் சாப்பிட்ட பிறகு பெண்சாதி சாப்பிடுவது, செம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து தண்ணீர் குடிப்பது என்று நாக்ஸ் எழுதுவதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் எழுத்து. முதலில் வாசிக்கச் சொல்வது அதனால்தான்.

நாக்ஸ்தான் ராபின்சன் குரூசோவாமே?

நாக்ஸ் புத்தகம் வந்தது 1681, குரூசோ வந்தது 1719. குரூசோவை எழுதிய டீஃபோ நாக்ஸை வாசித்திருக்கிறார், அந்தக் கதைக்குக் கிடைத்த தீனிகளில் இதுவும் ஒன்று என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதற்கு மேல் இழுக்காதீர்கள். குரூசோ ஆளில்லாத் தீவில் தனியாக இருந்தவன். நாக்ஸைச் சுற்றி ஊரே இருந்தது, அவருக்குப் பிரச்சினையே அந்த ஊரின் அரசன்தான்.

ஆங்கிலம் பழைய மாதிரி இருக்கிறது, இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. என்ன செய்வது?

நாக்ஸ் புத்தகம் நான்கு பாகம். எல்லோரும் முதல் பாகத்தில் தொடங்கி மலை, ஆறு, மரம், மிருகம் என்று வரும் பட்டியலில் மூச்சு முட்டி மூடிவைக்கிறார்கள். நான்காம் பாகத்தை முதலில் வாசியுங்கள். பிடிபட்டது, பிழைத்தது, தப்பியது எல்லாம் அதில்தான் கதையாக ஓடுகிறது. அந்த ஆளைத் தெரிந்துகொண்டு திரும்பி வந்தால் பட்டியலும் இனிக்கும்.

ஊர்ப் பெயர்கள் கண்டபடி எழுதப்பட்டிருக்கும், சத்தம் போட்டு வாசித்துப் பாருங்கள். 'நியூரா எலியா' நுவரெலியா. 'கொண்டே உட' கண்டி இராச்சியத்து மேட்டுநிலம். 'மலபார்' என்று வந்தால் பெரும்பாலும் தமிழர். கேரளம் என்று நினைத்துவிடவேண்டாம்.

இதெல்லாம் எங்கே கிடைக்கும்? விலை ஜாஸ்தியா?

காப்புரிமை முடிந்தவை என்பதால் இலவசமாகவே கிடைக்கும். நாக்ஸ், யானை வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் இரண்டும் குட்டன்பர்க் தளத்தில் எழுத்து வடிவில் இருக்கின்றன, போனிலேயே வாசிக்கலாம். மற்றவை பெரும்பாலும் இன்டர்நெட் ஆர்க்கைவில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கையில் பிடித்து வாசிக்க ஆசை என்றால் டில்லி ஏசியன் எஜுகேஷனல் சர்வீசஸ் மறுபதிப்புகளைக் கொழும்புப் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். தமிழ்ப் பக்கத்துக்கு, இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்துவைக்கும் 'நூலகம்' என்ற இணையதளம்.

இப்னு பதூதா உண்மையிலேயே பாதமலை ஏறினாரா, கேட்டு எழுதினாரா?

ஏறினார் என்றுதான் நான் நம்புகிறேன். இப்னு பதூதா மொரோக்கோ நாட்டுப் பயணி. பாதமலை என்று நாம் சொல்வது சிவனொளிபாதமலை, அதன் உச்சிப் பாறையில் உள்ள பாதச் சுவட்டை முஸ்லிம்கள் ஆதத்தின் பாதம் என்பார்கள். 1344இல் மாலைதீவிலிருந்து தமிழ்நாட்டுக் கரைக்குப் போகிற வழியில் இலங்கையில் இறங்குகிறார். அங்கே யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்திக்கிறார். அரசருக்குப் பாரசீகம் புரிந்தது என்று எழுதுகிறார். 'என்ன வேண்டும்' என்று அரசர் கேட்க, 'ஆதத்தின் பாதத்தைப் பார்க்கவேண்டும்' என்கிறார். அரசர் பல்லக்கும் சுமப்பவர்களும் கொடுத்து, வருடா வருடம் மலைக்குப் போகிற 4 யோகிகள், 3 பிராமணர்கள், தன் ஆட்கள் 10 பேர், சாப்பாட்டுச் சாமான் தூக்க 15 பேர் என்று சேர்த்து அனுப்புகிறார். இந்த 15 பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நம்புவதற்குக் காரணம் சின்னச் சின்ன விஷயங்கள். உச்சிக்குப் போனதும் மேகம் காலுக்குக் கீழே கிடந்து அடிவாரத்தை மறைத்ததாக எழுதுகிறார். விடியற்காலையில் பாதமலையில் நின்ற எவருக்கும் இது தெரியும். பாறையில் அடித்த சங்கிலிகளைப் பிடித்து ஏறியதையும், பாபா வழி, மாமா வழி என்று இரண்டு பாதை இருந்ததையும் சொல்கிறார்: ஆதம் வழி கஷ்டம், ஏவாள் வழி லேசு. பாதத்தைச் சுற்றிப் பாறையில் 9 குழிகள், அவற்றில் யாத்திரிகர்கள் பொன்னும் மணியும் போடுவார்கள், பக்கீர்கள் முந்திக்கொண்டு ஓடுவார்கள். இவர் போனபோது கொஞ்சம் கல்லும் பொன்னும்தான் மிச்சம். அதை வழிகாட்டிக்குக் கொடுத்துவிட்டார்களாம். கட்டுக்கதை சொல்பவன் குழி நிறைய மாணிக்கம் இருந்தது என்றல்லவா எழுதுவான்?

அளந்து எடுத்துக்கொள்ளவேண்டிய இடங்களும் உண்டு. உள்ளங்கை அகல ரோஜாவில் இறைவனின் பெயர் எழுதியிருக்கும் என்று அங்குள்ளவர்கள் சொன்னதைச் சேர்த்திருக்கிறார். பூ மட்டும் நிஜம். மலை உச்சிகளில் சிவப்பாகப் பூக்கும் ரொடோடென்ட்ரான், சிங்களவர் மகா ரத்மல் என்பது, அதுவாக இருக்கவேண்டும் என்பது பொதுவான கருத்து. யானைக்குட்டியைத் தின்றவர்களை இரவில் யானைகள் வாயை மோந்து பார்த்துக் கொன்ற கதையும் கேட்டு எழுதியதுதான். ஆனால் சொல்லும் விதம் அபாரம்.

அப்போ மார்கோ போலோ? அவர் பெயரையும் சொல்கிறார்களே.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்தவர். மலையில் சங்கிலி தொங்குவதையும், முஸ்லிம்கள் அதை ஆதத்தின் சமாதி என்றும் மற்றவர்கள் புத்தருடையது என்றும் சொல்வதையும் எழுதியிருக்கிறார். ஏறியதாக அவரே சொல்லவில்லை. அவர் சொல்லாததை நாம் ஏன் சொல்லவேண்டும்?

எல்லாப் புத்தகத்திலும் அட்டை வருகிறதாமே, நிஜமா?

நிஜம்தான், எனக்கு மிகப் பிடித்த பகுதியும் அதுதான். இப்னு பதூதா பறக்கும் அட்டை என்கிறார். தண்ணீர் ஓரத்துப் புல்லிலும் மரத்திலும் இருந்து ஆள் மேல் பாயும். ஜனங்கள் எலுமிச்சம்பழம் கையோடு வைத்திருந்து பிழிவார்கள், விழுந்துவிடும். ஏறக்குறைய 300 வருடம் கழித்து நாக்ஸ் எழுதுகிறார்: எலுமிச்சையையும் உப்பையும் துணியில் முடிந்து ஒரு குச்சியில் கட்டிக்கொண்டு, நடக்க நடக்கக் காலில் தட்டிக்கொண்டே போவார்கள். அதற்குப் பிறகு டெனன்ட். 1845 முதல் 1850 வரை இங்கே காலனிச் செயலாளராக இருந்தவர், 1859இல் இரண்டு பெரிய பாகமாக இலங்கையைப் பற்றி எழுதியவர். கோப்பித் தோட்டத் துரைமார் நெருக்கமாக நெய்த துணியில் தைத்த அட்டைக் காலுறை போட்டுக்கொண்டதை அவர் சொல்கிறார்.

எலுமிச்சை, உப்பு முடிச்சு, காலுறை. கொழுந்து மலையில் நிற்கிற நம் பெண்கள் இன்றைக்கும் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் சுற்றும் தடித்த துணியான படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். இப்னு பதூதாவும் நாக்ஸும் ஒருவரை ஒருவர் வாசித்தவர்கள் இல்லை; இருவரும் மலைச்சனத்திடம் கண்டதையே தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். சாட்சி என்றால் இப்படி இருக்கவேண்டும்.

நாங்கள் ஏறுகிற ஹட்டன், நல்லதண்ணி வழியைப் பற்றி அவர்கள் ஏன் எழுதவில்லை?

அந்தக் காலத்தில் பெரிய வழி இரத்தினபுரிப் பக்கம். நம் பக்கம் அடர்ந்த காடு. தோட்டம் வந்து ரோடு வந்து, 1880களில் ரயில் ஹட்டனைத் தொட்ட பிறகுதான் இந்த வழியில் கூட்டம் சேர்ந்தது.

இரத்தினபுரி வழியில் ஏறியவர்களில் ஜான் டேவியை வாசியுங்கள். இரசாயன விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் தம்பி, பட்டாளத்து வைத்தியர். 1817இல் ஏறினார், புத்தகம் 1821இல் வந்தது. வெப்பமானியும் கையுமாகத் திரிந்த மனிதர். கல்லைக் கண்டால் உடைத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் உச்சியில் ஒரு குடும்பத்தைக் கண்டு அப்படியே நின்றுவிடுகிறார். கும்பிட்டு முடிந்ததும் மனைவி கணவனை வணங்குகிறாள், பிள்ளைகள் பெற்றோரை வணங்குகிறார்கள், ஒருவருக்கொருவர் வெற்றிலை மாற்றிக்கொள்கிறார்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் வெப்பமானியை மறந்துவிட்டார். ஆங்கிலேயருக்கு எதிரான ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்ட மறுவருடம், 1819இல், ஊவாவுக்கும் போனார். ஆளில்லாமல் பாழாகிக் கிடந்த ஊர்களை எழுதியிருக்கிறார். அரசாங்கத்துச் சம்பளம் வாங்கியவர் எழுதியது என்பதால் அதற்குக் கனம் அதிகம்.

யானை சுட்டதைப் பெருமையாக எழுதியிருக்கிறாரே பேக்கர். அதையெல்லாம் ஏன் வாசிக்கவேண்டும்?

கோபம் நியாயம். ஹோர்டன் சமவெளியில் பேக்கர் நீர்வீழ்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அந்த சாமுவேல் பேக்கர்தான். வேட்டைக்கு வந்து காய்ச்சலில் விழுந்து, நுவரெலியாக் குளிரில் தேறி, அந்த ஊர் பிடித்துப்போய், 1848இல் ஆட்கள், மாடு, குதிரை, வண்டி சகிதம் குடியேற வந்தார். வேட்டைப் பக்கங்கள் எனக்கும் அருவருப்புத்தான். அந்தக் காலத்தில் அது அவர் ஒருவரின் பைத்தியமும் இல்லை. ரோஜர்ஸ் என்ற மேஜர் 1,400 யானை சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நம் ஆட்கள் இதைக் கேட்டால் ஒன்றும் பேசமாட்டார்கள், தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

பேக்கரை வாசிக்கவேண்டியது அவர் தோற்ற இடங்களுக்காக. 1855இல் வந்த அவருடைய இரண்டாவது புத்தகத்தில் பெர்க்ஸ் என்ற குதிரைக்காரன் வருகிறான். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கோச் வண்டியை ரம்பொடை ஏற்றத்தில் பள்ளத்தில் உருட்டிவிட்டு, தான் பிழைத்தது பெரிய புண்ணியம் என்று எழுத்துப் பிழையோடு எசமானுக்குக் கடிதம் அனுப்புகிறான். பிறகு வண்டியை மீட்க ஒரு யானையைக் கொடுத்தால், குதிரையை விரட்டுவதுபோல மலையேற்றத்தில் விரட்டுகிறான், அது செத்துவிழுகிறது. ஆசை ஆசையாகக் கொண்டுவந்த உயர்சாதிப் பசு மலை ஏறுவதற்குள் போய்விட்டது. துரைமார் வந்தார்கள், மலை உடனே பூத்துக் குலுங்கியது என்று படம் போட்டுக் காட்டுகிறவர்களுக்கு இந்த அத்தியாயத்தைக் கொடுங்கள்.

பெண்கள் யாரும் எழுதவில்லையா?

எழுதினார்கள். கான்ஸ்டன்ஸ் கோர்டன் கம்மிங் 1892இல் இரண்டு பாகம் வெளியிட்டார், பாதமலையும் ஏறியவர். கோப்பி சரிந்து தேயிலை வந்த கதையும் அதில் உண்டு. ஓவியர் மரியான் நோர்த் 1870களில் வந்து பேராதனைப் பக்கம் செடி கொடிகளை வரைந்தார், அவருடைய நினைவுக் குறிப்பும் 1892இல்தான் வந்தது. கம்மிங் கொஞ்சம் நீட்டுவார். பாதியில் தாண்டித் தாண்டி வாசித்தால் பாவமில்லை.

சேர், நம்ம ஆட்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்?

தோட்டத் தமிழரான நம்மைப் பற்றிக் கொஞ்சம்தான், அதுவும் பெரும்பாலும் பெயரில்லாமல். டெனன்டுக்கு நாம் 'மலபார் கூலிகள்', வருடத்துக்கு இத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு. 1854இல் கோப்பிக்காட்டு வாழ்க்கையை எழுதிய வில்லியம் நைட்டன் வந்தால் வேலை வாங்குகிறவனின் பார்வை. 1900இல் தேயிலையைப் பற்றி எழுதிய ஹென்றி கேவ் கொழுந்து எடுப்பவர்களை அழகாகப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார். கூடை, சேலை, வளையல் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் தெரியாது. எட்வர்ட் கார்பென்டர் கொஞ்சம் வேறு மாதிரி. ஆங்கில எழுத்தாளர், இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் அருணாசலத்தின் கேம்பிரிஜ் நண்பர். 1892இல் வந்த அவர் புத்தகத்தில் வெள்ளைக்காரர் இங்குள்ளவர்களை நடத்தும் விதத்தைக் கண்டித்தே எழுதியிருக்கிறார்.

எங்கள் வட்டத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். எந்தப் பயண நூலை எடுத்தாலும், சுமை தூக்கியது யார் என்று பென்சிலால் கோடு போடுவது. இப்னு பதூதாவின் 15 பேரை ஞாபகம் வைக்கச் சொன்னது அதற்குத்தான். அவராவது எண்ணிச் சொன்னார். 19ஆம் நூற்றாண்டில் கூலிகள் பெரும்பாலும் முறைப்பாடாகத்தான் வருகிறார்கள்: பின்தங்கிவிட்டார்கள், பெட்டி வந்து சேரவில்லை, மழையில் படுக்கை நனைந்துவிட்டது. துரையின் படுக்கை நனைந்தது நமக்குத் தெரியும், அதைத் தூக்கி வந்தவர் எங்கே படுத்தார் என்று தெரியாது. கோடு போட்டுக்கொண்டே போங்கள், அந்தப் புத்தகத்துக்குள் இன்னொரு பயணம் நடப்பது தெரியும்.

எங்கள் தோட்டத்தின் பெயர் இந்தப் புத்தகங்களில் இருக்குமா?

பயண நூலில் தேடினால் அதிர்ஷ்டம்தான். தோட்டம், அதன் சொந்தக்காரர், ஏக்கர் என்று தேட ஃபெர்குசன் டைரக்டரி என்று ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு நடுவிலிருந்து வந்தது, பழைய பிரதிகள் இன்டர்நெட்டில் உண்டு. நாம் வாயால் சொல்லும் பெயர் அதில் இருக்காது. ஆங்கிலப் பெயரைத் தெரிந்துகொண்டு தேடுங்கள்.

தோட்டம் வருவதற்கு முன்பே மலையில் தமிழர் இருந்தார்கள் என்று இவற்றை வைத்து நிரூபிக்கலாமா?

இருந்ததற்குக் குறிப்பு உண்டு. இராஜசிங்கனின் ராணி கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட மலபார்ப் பெண் என்று நாக்ஸே எழுதுகிறார். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி. அவர்களின் உறவினர் குடியிருந்த தெருவுக்குக் கண்டியில் மலபார் வீதி என்றே பெயர்.

ஆனால் ஒன்றை மற்றொன்றாகக் காட்டவேண்டாம். அரண்மனை உறவு வேறு, 1820களிலிருந்து கோப்பிக்காக வந்த நம் முன்னோர் வேறு. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியேறிய சனத்துக்கு அரச பரம்பரைச் சான்றிதழ் தேவையில்லை. காட்டை வெட்டி ரோடு போட்டதே போதிய உரிமை. உயர்தரக் கட்டுரையில் இரண்டையும் கலந்து எழுதினால் புள்ளியும் போகும்.

நாக்ஸ் தப்பி ஓடிய வழியும் நம்ம பூட்டன் நடந்து வந்த வழியும் ஒன்றாமே?

நல்ல கேள்வி. ஒரே பாதை என்று சொல்லமுடியாது, ஆனால் கிட்டத்தட்ட ஒரே காடு. நாக்ஸும் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற கூட்டாளியும் கத்தி, சிறு கோடாரி, பருத்தி நூல் என்று சாமான் கட்டிக்கொண்டு வியாபாரிகள்போல வடக்கே போகிறார்கள். அனுராதபுரம் தாண்டி மல்வத்து ஓயாவைப் பிடித்து, ஆற்றோடு ஆறாக யானைக்கும் கரடிக்கும் நடுவே இறங்கி, 1679 அக்டோபரில் மன்னார்க் கரையில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்கிறார்கள். கோட்டை கிட்ட வரும்போது எதிர்ப்படுகிறவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். நாக்ஸுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இருபது வருடம் சிங்களம் பேசிப் பழகியவர்!

150 வருடம் கழித்து அதே மன்னார்க் கரையில் நம் சனம் தோணியிலிருந்து இறங்கி எதிர்த்திசையில் நடந்தது. வன்னிக் காடு, தம்புள்ளை, மாத்தளை என்று ஏறக்குறைய 150 மைல். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். நாக்ஸ் அந்தக் காட்டை விட்டு வெளியேற நடந்ததற்கு ஒரு புத்தகம் இருக்கிறது, அச்சில் 300 வருடத்துக்கு மேலாக. உள்ளே வர நடந்தவர்களில் ஒருவர்கூடத் தன் கையால் எழுதி அச்சான புத்தகம் எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனால்தான் நான்காம் பாகத்தின் கடைசி அத்தியாயங்களை வாசிக்கும்போது பக்கத்தில் வரைபடம் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அவர் சொல்கிற வறண்ட ஆற்றுப்படுகையும் முள்ளும் தாகமும் நம் வீட்டுக் கதையும்தான்.

அப்போ தமிழில் ஒன்றுமே இல்லையா?

பாட்டில் இருக்கிறது. ஊரை விட்டது, பனந்தோப்பை விட்டது, கண்டிச் சீமையில் பெற்ற தாயை மறந்தது என்று நம் பாட்டிமார் பாடியதெல்லாம் பயண இலக்கியமாக வாசிக்கவேண்டியவை. மலையக எழுத்தாளர் சி.வி.வேலுப்பிள்ளை அவற்றைச் சேகரித்து வைத்ததால் தப்பின.

உரைநடையில் கோ.நடேசய்யரைப் பார்க்கவேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பத்திரிகையாளர், தோட்டத் தொழிலாளரின் தொழிற்சங்கத் தலைவர். வெளியாள் நுழையமுடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரிபோலப் போய் நிலைமையைப் பார்த்து எழுதினார் என்று மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். பத்திரிகை எழுத்து என்று ஒதுக்காதீர்கள். மூட்டை தூக்கிக்கொண்டு நாக்ஸ் வெளியே போனார், இவர் உள்ளே வந்தார். பிற்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் கி.வா.ஜகந்நாதன் இலங்கைப் பயணத்தைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். சுத்தமான தமிழ், ஆனால் மேடையும் மாலையும் கொஞ்சம் அதிகம்.

ரயில் வந்த பிறகு எழுதியவை எப்படி?

என் அபிப்பிராயத்தில் மெலிந்துவிட்டன. 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது, 1885இல் நானுஓயாவுக்கு, 1924இல் பதுளைக்கு. நடந்தவர் கால்நடையில் ஆட்களைச் சந்தித்தார், ரயிலில் வந்தவர் ஜன்னலில் மலையைச் சந்தித்தார். மேலே சொன்ன கேவ் 1910இல் ரயில்பாதையைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார், ஸ்டேஷன் ஸ்டேஷனாக. படங்களுக்காகப் பார்க்கலாம். அதுதான் நாம் முதல் கேள்வியில் பேசிய கையேடு தொடங்கும் இடம்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதினாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லோரும் சொல்வதை ஒதுக்கிவிட்டு, ஒருவர் மட்டும் சொல்வதைத் தேடுங்கள். சங்கிலியும் ஆதம் கதையும் எல்லாப் புத்தகத்திலும் வரும். மார்கோ போலோ மாதிரி கேட்டும் எழுதலாம். குழியில் கொஞ்சம் கல்தான் இருந்தது என்பதும், வெற்றிலை மாற்றிய குடும்பமும், தொப்பிக்குக் கிடைத்த பைபிளும் கேட்டு எழுதக்கூடியவை அல்ல. டெனன்டுக்குப் பிறகு வந்தவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். அவர் பழைய நூல்களையெல்லாம் திரட்டிக் கொடுத்துவிட்டதால், பின்னால் வந்த பலர் அங்கிருந்தே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

கட்டுரையில் இவற்றைக் காட்டும்போது வருடம் எதைப் போடுவது? டீச்சர் ஒன்று சொல்கிறார், புத்தகத்தில் வேறு இருக்கிறது.

இரண்டையும் போடுங்கள்: கண்ணால் பார்த்த வருடம், அச்சான வருடம். இப்னு பதூதா பார்த்தது 1344, ஊர் திரும்பிச் சொல்லி எழுதவைத்து முடித்தது 1355. டேவி பார்த்ததற்கும் அச்சுக்கும் இடைவெளி சில வருடம்தான், அதனால் சூடு ஆறாமல் இருக்கிறது. தாமஸ் ஸ்கின்னர் என்ற ரோடு போட்ட அதிகாரியின் நினைவுகள் 1891இல் வந்தன. ஆனால் யானைத் தடத்தைப் பிடித்துக் காட்டுக்குள் வழி கண்டுபிடித்ததாக அவர் சொல்வது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக் கதை. 1891 என்று மட்டும் எழுதினால் தேயிலைக் காலத்தில் அங்கே காடு இருந்ததாக ஆகிவிடும், வாசிக்கிறவருக்குக் குழப்பம்.

மறுபதிப்பிலிருந்து எடுத்தால் அந்தப் பதிப்பின் வருடத்தையும் பக்க எண்ணோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நாக்ஸுக்குப் பல பதிப்புகள் உண்டு, பக்க எண் மாறும். பாகம், அத்தியாயம் இரண்டையும் குறித்துவிட்டால் யார் எந்தப் பதிப்பை வைத்திருந்தாலும் தேடி எடுக்கலாம்.